கால் வீசை வேர்: சர்ப்பகந்தாவும் ஒரு பெகு நோயாளியும்

நோயாளிக்கு வயது 63. பர்மாவில், பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றில் நெல் விவசாயம். எட்டு ஆண்டாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்: காலையில் அடெனலால் 50 மில்லிகிராம், இரவில் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். சர்க்கரை நோய் இல்லை, நெஞ்சுவலி வந்ததில்லை, புகை இல்லை. வெற்றிலை மட்டும் ஓயாது. மாதம் ஒருமுறை என் கிளினிக்குக்கு வருவார். நாடி 64, அழுத்தம் 138/84 என்கிற மாதிரி ஏதாவது எழுதி, இரண்டு வார்த்தை ஊர்க்கதை பேசி அனுப்பிவிடுவேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் என்பதால் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை, மற்றவர்கள் முன்னால் மட்டும், சயாமா (பெண் டாக்டரை பர்மியர் மரியாதையாகக் கூப்பிடும் சொல்) என்பார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் அபிஷேகத்துக்கு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. ஆனால் அது முதல் தடவை அல்ல என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் கொல்லைப்புறத்திலும் விழுந்திருக்கிறார். "வழுக்கிடுச்சு" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

கூட்டி வந்தபோது நாடி 44. படுத்த நிலையில் அழுத்தம் 98/60, எழுந்து நின்று இரண்டு நிமிஷத்தில் 80/50. காய்ச்சல் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. பேச்சு இழுவையாக வந்தது, முகத்தில் அசைவு குறைவு, மணிக்கட்டை அசைத்துப் பார்த்தால் லேசான விறைப்பு. மூக்கு அடைத்திருந்தது. பத்து நாளாக வயிறு தினமும் இரண்டு மூன்று முறை இளகிப் போகிறது என்றார்கள். தூக்கம்? "தூக்கத்துக்கு என்ன குறைச்சல், பகல்லயும் தூங்குறார்" என்றாள் மருமகள். கோயில் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டாராம். மலேசியாவிலிருந்து மகன் போன் பண்ணினால்கூட எடுத்துப் பேசப் பிடிக்கவில்லையாம்.

மூக்கடைப்பைக் குளிர்காலச் சளி என்று எழுதினேன். வயிற்றுப்போக்குக்குத் தனியாக ஒரு வரி. மனச்சோர்வுக்கு இன்னொரு வரி. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் எங்கே தேடினேன்

ஈசிஜியில் இதயம் ஒழுங்காகத்தான் துடித்தது, மெதுவாக. அடைப்பு எதுவும் இல்லை. மெதுவான நாடி, மெதுவான பேச்சு, சோர்வு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தைராய்டு ஞாபகம் வரும். ரத்தம் ரங்கூனுக்குப் போனது. அளவு சரி என்று பதில் வந்தது. பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் சரி. முகத்தையும் கையையும் பார்த்த என் சக டாக்டர் பார்க்கின்சன் ஆரம்பமோ என்றார். அது தள்ளிவிடக்கூடிய யோசனை இல்லை. ஆனால் பார்க்கின்சன் ஒரே மாதத்தில் இவ்வளவு வேகமாக வராது.

நான் சந்தேகப்பட்டது, நாடியை மெதுவாக்கும் அடெனலாலை. காரணம், எங்கள் ஆட்களில் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கக் காகிதத்துக்கும் பர்மியப் பேர், வீட்டுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பேர். டவுன் ஆஸ்பத்திரி அட்டையில் அவர் ஒருத்தர், என் நோட்டில் இன்னொருத்தர். இரண்டு இடத்திலும் மாத்திரை வாங்கி இரண்டையும் முழுங்குகிறாரோ என்று நினைத்தேன். இப்படி ஏற்கெனவே ஒரு கிழவிக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மருமகளை அனுப்பி வீட்டிலிருந்த அத்தனை மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன். கணக்கு ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை.

சரி, எந்த அளவில் சாப்பிட்டாலும் 44 துடிப்பில் அடெனலாலைத் தொடர முடியாது. நெஞ்சுவலி வரலாறு இல்லாததால் பாதியாக்கி, இரண்டு நாளில் நிறுத்தினேன். ஆம்லோடிபினையும் நிறுத்தினேன். ஓர் இரவு டவுன் ஆஸ்பத்திரியில் மானிட்டரில் வைத்தோம். பெரிதாக எதுவும் இல்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முழுதாக நிறுத்தி ஐந்து நாளான பிறகு பார்த்தால் நாடி 48. இங்கேதான் கணக்கு இடித்தது. அடெனலால் பாதியாகக் குறைய ஆறேழு மணி நேரம்தான் ஆகும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற ஆளின் உடம்பை விட்டு இரண்டு நாளில் ஏறக்குறைய முழுதும் போய்விடும். ஐந்து நாள் கழித்தும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறதென்றால், பிரேக்கில் இன்னொரு கால் இருக்கிறது.

"அத்தே, மாமா வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறாரா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"இல்லம்மா. நீ குடுத்ததுதான்."

இதே கேள்வியை இதே வார்த்தைகளில் அந்த வாரத்தில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் உண்மையான பதில்தான் வந்தது.

ஹார்லிக்ஸ் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை அழுத்தம் பார்க்க வீட்டுக்கே போனேன். லபே டீ போட அத்தை அடுப்படிக்குப் போனார்கள், நானும் பின்னால் போனேன். மிளகு டப்பாவுக்கும் மஞ்சள்தூளுக்கும் நடுவில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. உள்ளே சாம்பல் படர்ந்த மஞ்சள் நிறத்தில் தூள். திறந்து நாக்கில் ஒரு துளி வைத்தேன். வேப்பெண்ணெயைவிட மோசமான கசப்பு, வாசனை ஒன்றும் இல்லை.

"இது என்ன அத்தே?"

"அதுவா? மருந்தெல்லாம் இல்லம்மா, வேரு. பொம்மயாசா. மாமாவுக்குத் தூக்கம் பிடிக்கலைன்னு என் தம்பி தவுங்கூவுலேருந்து கால் வீசை குடுத்துவிட்டான்."

பொம்மயாசா என்பது பர்மியப் பேர். நம் பக்கத்தில் சர்ப்பகந்தா. சிவனமல்பொடி என்ற பேரும் உண்டு. தாவர நூல்களில் ராவுல்ஃபியா செர்பென்டினா. டீ ஆறிப்போகும்வரை அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன், கதை முழுதும் வெளியே வந்தது.

புரட்டாசியில் மாமாவுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது. சந்தையில் நாட்டுமருந்து விற்கும் கடை ஒன்றிலிருந்து இந்த வேரின் தூளை வாங்கி, ராத்திரி அரை ஸ்பூன் பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்தார். மூன்று மாதம் குடித்தும் பெரிய பலன் இல்லை, கெடுதலும் இல்லை. தம்பியிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி தன் தோட்டத்தில் இதே செடியைப் போட்டிருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது புதிதாகத் தோண்டிக் காயவைத்த வேர் கால் வீசை கொண்டுவந்து கொடுத்தார். பர்மாவில் நாங்கள் இன்னும் வீசையில்தான் நிறுக்கிறோம்; ஒரு வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆக இது 400 கிராம். அத்தை அதை உரலில் இடித்துச் சலித்து பாட்டிலில் போட்டார்கள். அதே ஸ்பூன், அதே அரை ஸ்பூன், அதே பால். இந்தத் தடவை நன்றாகத் தூங்கினார். நான்காவது வாரம் கொல்லைப்புறத்தில் விழுந்தார்.

அளவு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. மாறியது வேர். ஏன் இவ்வளவு மாறியது என்பதை அந்தத் தம்பியின் தோட்டம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

தோட்டம்

அவருக்குப் போன் பண்ணினேன். முதலில் பதறினார், அப்புறம் விவசாயி பேச ஆரம்பித்தார். அடுத்த வாரமே அக்காவைப் பார்க்க வந்தவர் செடி ஒன்றை வேரோடு, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

முழங்காலைத் தாண்டாத செடி. கணுவுக்கு மூன்று மூன்றாக இலை. வெள்ளைப் பூ, காம்பும் குழலும் சிவப்பு. காய் பழுத்தால் கறுத்த ஊதா. பெகு யோமா மலைப் பக்கம் இலையுதிர் காடுகளில் தானாக வளரும் செடிதான், வெயில் சுள்ளென்று அடிக்காத இடத்தில், மரநிழலில். அவர் பாக்கு மரங்களுக்கு நடுவில் போட்டிருக்கிறார். இலைமக்கு நிறைந்த, தண்ணீர் தேங்காத மண். தேங்கினால் வேர் அழுகிவிடும்.

விதைதான் தலைவலி என்றார். பழத்தைப் பிசைந்து கழுவித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்து, முழுகியதை மட்டும் விதைத்தாலும் பாதிகூட முளைக்காதாம். நூல்களும் அதையேதான் சொல்கின்றன: முளைப்பு மிகக் குறைவு, அதுவும் புதிய விதையாக இருந்தால்தான். தண்டுத் துண்டு வைத்தாலும் வேர்த்துண்டு வைத்தாலும் செடி வரும், சுலபமாகவும் வரும். ஆனால் ஆழமான ஆணிவேர் வேண்டுமென்றால் விதைச்செடிதான். அதனால் சித்திரை, வைகாசியில் நாற்றங்கால், மழை பிடித்ததும் நடவு. முதல் ஒன்றரை வருஷம் களை எடுப்பதைத் தவிர வேலை இல்லை, வருமானமும் இல்லை.

தோண்டுகிற காலத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரிந்தது. மழை நின்று, குளிர் வந்து, செடி இலையைக் கொட்டிய பிறகுதான் தோண்ட வேண்டும். அப்போதுதான் வேரில் சத்து ஏறி நிற்கும். இரண்டரை வருஷச் செடியைத்தான் எடுத்திருக்கிறார். ஒன்றரை அடிக்குக் கீழே போய், தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி, வேர்ப்பட்டை உரியாமல் எடுத்திருக்கிறார். தேய்த்துக் கழுவாமல் நனைத்து அலசி, நிழலில் உலர்த்தி, ஒடித்தால் 'டக்'கென்று முறிகிற பதத்தில் கட்டியிருக்கிறார். கடைக்காரர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று அவரே சொன்னார். தடித்த வேரும் தண்டும் சேர்த்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் போட்டு, வருஷக்கணக்கில் வைத்து விற்பார்களாம். அவருடைய அனுபவம் அது. எல்லாக் கடைக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வைத்தியத்தில் இதைத் தலைகீழாகவே நினைத்துப் பழகிவிட்டோம். கலப்படம்தான் ஆபத்து, சுத்தமான சரக்கு நல்லது. இங்கே மூன்று மாதம் மாமாவைக் காப்பாற்றியது மட்டமான சரக்கு. நன்றாக வளர்த்து, நேரம் பார்த்துத் தோண்டி, பட்டை கெடாமல் காயவைத்த வேர்தான் ஆளைச் சாய்த்தது.

பட்டைக்குள் என்ன இருக்கிறது

வேரின் எடையில் பட்டை ஏறக்குறையப் பாதிதான். ஆனால் அதிலுள்ள ஆல்கலாய்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பட்டையில் இருக்கிறது. நடுக்கட்டையில் மிகக் குறைவு, தண்டில் இன்னும் குறைவு. பட்டை உரிந்த வேரையும் பட்டையுள்ள வேரையும் ஒரே ஸ்பூனால் அளப்பதும், கஞ்சியையும் சோற்றையும் ஒரே டம்ளரால் அளப்பதும் ஒன்றுதான்.

இந்த ஒரு வேரிலிருந்து 50க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். எல்லாம் இண்டோல் வகைக் குடும்பம். செடி அவற்றை ட்ரிப்டமைன், செக்கோலோகனின் என்ற இரண்டு பொருள்களை இணைத்து, ஸ்ட்ரிக்டோசிடின் என்ற ஒரே மூலத்திலிருந்து கிளை கிளையாகச் செய்துகொள்கிறது. வேரின் மஞ்சள் சாயலுக்குக் காரணம் செர்பென்டின். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது அஜ்மலின்; புருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் இதை ஊசியில் ஏற்றிச் சோதிக்கிறார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைத்து, தூக்கத்தைத் தருவது முக்கியமாக ரெசர்பின். அதன் தங்கைகள் ரெசின்னமின், டிசெர்பிடின். ரெசர்பினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயிலும் நாளும் பட்டால் சிதையும். கடைச் சரக்கு மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரெசர்பின் செய்யும் வேலையை அத்தைக்கு நெல்லை வைத்துத்தான் விளக்கினேன். நரம்பின் முனையில் சிறு சிறு பைகள் உண்டு. நார்அட்ரினலின், டோபமைன், செரடோனின் எல்லாவற்றையும் நரம்பு அந்தப் பைகளில் சேர்த்து வைத்து, வேண்டும்போது விடும். பைக்குள் ஏற்றும் வாசலை ரெசர்பின் அடைத்துவிடுகிறது. குதிரின் வாயை அடைத்தால் நெல் முற்றத்தில் கிடக்கும், எலி தின்னும். நரம்புக்குள்ளும் அப்படி ஒரு எலி, மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி, இருக்கிறது. கொஞ்ச நாளில் குதிர் காலி.

நார்அட்ரினலின் தீர்ந்தால் ரத்தக்குழாய் தளரும், அழுத்தம் இறங்கும், நாடி மெதுவாகும். மூக்கின் உள்ளே உள்ள குழாய்களும் தளர்ந்து வீங்கும். அதுதான் அந்த மூக்கடைப்பு. எதிர்ப்பக்க நரம்பு மட்டும் ஓங்கி நிற்பதால் வயிறு இளகும், அமிலம் கூடும். டோபமைன் தீர்ந்தால் முகம் உறையும், கை விறைக்கும். 1950களின் கடைசியில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசையாமல் செய்து, அப்புறம், உடம்புக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்து எழுப்பிக் காட்டினார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து வந்த பாதை அங்கேதான் தொடங்கியது. 2000இல் அவருக்கு நோபல் பரிசு. நான் தனித்தனி வரியில் எழுதிவைத்த சளி, வயிறு, சோர்வு, விறைப்பு எல்லாம் ஒரே குதிர் காலியானதால் வந்தவை.

அடைபட்ட வாசல் திரும்பத் திறக்காது என்பதுதான் இதில் பெரிய விஷயம். நரம்பு புதிய பைகளைச் செய்து அனுப்ப வேண்டும். அதற்கு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு ஆகும். அதனால்தான் மருந்து வேலைசெய்யத் தொடங்கவும் இரண்டு மூன்று வாரம் எடுக்கிறது, விட்டுப் போகவும் அவ்வளவு எடுக்கிறது. பொங்கலுக்குத் தொடங்கியது மாசியில் சாய்த்ததன் கணக்கு இது. இடையில் அடெனலால். வேர் நார்அட்ரினலினைக் காலிசெய்கிறது, மிச்சம் சொச்சம் வருவதை இதயத்தின் வாசலில் அடெனலால் தடுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் நாடி அதிகமாகக் குறையும், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும் என்று அடெனலாலின் மருந்துக் குறிப்புத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு.

அரை ஸ்பூனின் எடை

அத்தையின் அரை ஸ்பூனை ஒரு தட்டார் கடைக்குக் கொண்டுபோய், நகை நிறுக்கும் தராசில் மூன்று தடவை நிறுத்தேன். சராசரி 1.2 கிராம். தட்டார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இந்த வேர்த்தூளையே மாத்திரையாக அடித்து விற்ற காலத்தில், ரெசர்பின், ரெசின்னமின் இரண்டும் சேர்ந்து 0.15 முதல் 0.2 சதவீதம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் தரநூல் வகுத்திருந்தது. குறைந்த பக்கமான 0.15ஐ எடுத்துக்கொண்டால்கூட 1.2 கிராமில் 1.8 மில்லிகிராம். ரெசர்பின் மாத்திரையை ரத்த அழுத்தத்துக்குத் தொடர்ந்து கொடுக்கும்போது ஒரு நாளைக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம்தான் கொடுப்பார்கள். அதாவது உச்ச அளவைப்போல் ஏழு மடங்கு. பாட்டிலிலிருந்த தூளை நாங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. இது தரநூலை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையான அளவு இதில் பாதியாக இருந்திருந்தாலும் அடெனலால் சாப்பிடுகிற 63 வயது ஆளுக்கு அது மிக அதிகம்.

இதைக் கேட்டு, வேர் விஷம் என்று யாரும் நினைத்தால் அதுவும் தப்பு. நவீன மருத்துவத்துக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மருந்து அதிகம் இல்லாத காலத்தில் இந்த வேர்தான் வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இதை மனக்கோளாறுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். அதே ஆண்டு வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இதிலிருந்து அஜ்மலினைப் பிரித்து, யுனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின் பேரை அதற்கு வைத்தார். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளின் அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்ட பிறகுதான் மேலைநாட்டார் திரும்பிப் பார்த்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் ரெசர்பினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1956இல் அமெரிக்க வேதியியலாளர் வுட்வர்ட் அதை ஆய்வகத்தில் முழுதாகத் தொகுத்துக் காட்டினார்.

பர்மாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். இந்தச் செடி இன்று உலகம் முழுக்க வழங்கும் தாவரப்பெயர், தாவரவியலாளர் சுல்பீஸ் கூர்ஸ் 1877இல் பிரிட்டிஷ் பர்மாவின் காட்டுத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் பதிவானது. பேரின் வாலில் அவர் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பாதியில் இருப்பவரோ 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ராவுல்ஃப். இந்தச் செடிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை, மரியாதைக்காக வைத்தது.

ரெசர்பின் மனச்சோர்வைத் தருமா என்ற விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். 1950களில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள், அதை வைத்தே செரடோனின் குறைவுதான் மனச்சோர்வு என்ற கொள்கை வளர்ந்தது. ஆனால் 1955இலேயே லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும், பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பின் கொடுத்துச் சிலருக்கு நன்மை கண்டதாக எழுதினார்கள். ஆக எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மாமாவுக்கு வந்தது வேரால்தான் என்று நான் நம்புவது, அது வேரோடு வந்து வேரோடு போனதால்.

போன விதம்

வேரை அன்றே நிறுத்தினோம். அடெனலால் ஏற்கெனவே இல்லை. வேறு எந்த மருந்தும் தரவில்லை. உட்கார்ந்து எழுவது, தண்ணீர், உப்பைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்காமலிருப்பது, இவ்வளவுதான். என் சக டாக்டர் சோர்வுக்கு மாத்திரை தொடங்கலாம் என்றார். காலியான குதிரில் உடனே இன்னொரு மருந்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய வகை மாத்திரைகளில் சிலவற்றை ரெசர்பினோடு சேர்க்கவே கூடாது. அதற்குப் பதிலாக வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், சுற்றி வளைக்காமல், "மாமா, வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா? ஏதாச்சும் பண்ணிக்கணும்னு நினைப்பு வருதா?" என்று கேட்டேன். முதல் தடவை அத்தை அதிர்ந்துபோனார்கள். மாமா அதிரவில்லை. "தோணுச்சு. பண்ணிக்கணும்னு தோணலை" என்றார். அதன் பிறகு நான் வராத நாளில் மருமகள் கேட்டு எனக்குப் போன் பண்ணினாள்.

10ஆம் நாள் நாடி 54. இரண்டாவது வாரக் கடைசியில் வயிறு ஒழுங்கானது, மூக்கு திறந்தது. மூன்றாவது வாரம் கையில் விறைப்பு இல்லை. நான்காவது வாரம் அழுத்தம் 162/96க்கு ஏறியது. பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு ஆம்லோடிபினைத் திரும்பத் தொடங்கினேன், பிறகு 10 மில்லிகிராம் ஆக்கினேன். அடெனலாலைத் திரும்பத் தரவில்லை, தேவையும் படவில்லை. சோர்வுதான் கடைசியில் போனது. ஏழாவது வாரம் கோயிலில் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, இடையில் இன்னொருத்தர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார் என்று செய்தி வந்தது. அன்றைக்குத்தான் என் நோட்டில் 'குணம்' என்று எழுதினேன்.

தூக்கம் ஏன் கெட்டது என்று யாருமே கேட்கவில்லை, நானும்தான். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். புராஸ்டேட் வீக்கம். அதற்கு மாத்திரை தொடங்கும்போதும் பயந்து பயந்துதான் தொடங்கினேன், ஏனென்றால் அந்த மாத்திரைகளும் ஆள் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். இதுவரை நன்றாக இருக்கிறார்.

என் கேள்வி மாறிவிட்டது. "வேற மருந்து சாப்பிடுறீங்களா?" என்று இப்போது கேட்பதில்லை. "வேரு, பட்டை, தூள், லேகியம், ராத்திரி பால்ல ஏதாச்சும் போட்டுக் குடிக்கிறது உண்டா?" என்று கேட்கிறேன். தைங்யின்சே என்கிற பர்மிய நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது என்று பர்மியரும், அம்மா அரைத்துக் கொடுத்தது என்று தமிழரும், கொஞ்சம் யோசித்துவிட்டு, எதையாவது சொல்லத்தான் செய்கிறார்கள்.

தம்பிக்கு வேறு கவலை. மூன்று வருஷமாகக் காத்த செடிகள் பாக்கு மரத்தடியில் நிற்கின்றன. எரித்துவிடவா என்று கேட்டார். ஏன் எரிக்க வேண்டும்? வேரைத் தோண்டினால் செடி செத்துவிடும் என்பதால் காட்டுச்செடிகள் குறைந்து, 1990இலிருந்து இதன் ஏற்றுமதிக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற உலக உடன்படிக்கையின் கட்டுப்பாடு இருக்கிறது. தோட்டத்தில் வளர்ப்பவர்கள்தான் இன்னும் வேண்டும். மாண்டலேயில் நாட்டுமருந்து தயாரிக்கும் ஒருவர் வாங்குவாராம். அங்கே அளந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போகட்டும் என்றேன். சொந்தக்காரர்களுக்குக் கால் வீசை கட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது ஹார்லிக்ஸ் பாட்டிலில் பனைவெல்லம் இருந்தது. வாசல் நிலையில் மட்டும் மஞ்சள் துணியில் விரல்நீள வேர் ஒன்று கட்டித் தொங்கியது. "அது எதுக்கு அத்தே?"

"பாம்பு வராதும்மா."

அறுவடை நேரத்தில் அந்த வயல்களில் கண்ணாடி விரியன் உண்டு. அது கடித்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். விஷமுறி ஊசியைத் தவிர வேறெதுவும் உதவாது, இந்த வேரை அரைத்துக் கொடுத்தால் போகிற நேரம்தான் நஷ்டம். அதைச் சொன்னேன். கடித்தால் உடனே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம் என்று அத்தை சத்தியம் பண்ணினார்கள். நிலையில் தொங்குவதை அவிழ்க்கவில்லை. அது அங்கே தொங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.